6500ல் மூச்சு வாங்கும் எஸ்டீம் இன்ஜினை 8000 வரை ஏற்றலாமா?

#1 எஸ்டீம்03
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2003 மாருதி எஸ்டீம் கார். ஜி13பிபி இன்ஜின், 1298 சிசி, கம்பெனி கணக்கில் 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) 85 பிஹெச்பி. ரோட்டில் ஓட்டுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆயிற்று. இப்போதெல்லாம் டிரெய்லரில் ஏற்றிக் கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய் டிராக் டே அன்று ஓட்டுவதோடு சரி. பிரச்சினை என்னவென்றால் ஒரு வளைவிலிருந்து இரண்டாவது கியரில் வெளியே வந்து அடுத்த பிரேக்கிங்குக்குக் கொஞ்சம் முன்னால் லிமிட்டர் (இன்ஜின் சுற்றை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாமல் பெட்ரோலை வெட்டுவது) வெட்டுகிறது, மூன்றாவது போட்டால் இரண்டு நொடிதான் அதில் ஓடுகிறேன், மறுபடி கீழே இறக்க வேண்டும். அந்த ஒரு இடத்துக்காகவே 8000 வரை ஏறுகிற மாதிரி இன்ஜின் கட்டலாம் என்று ஆசை. ஹெட்டர் (எக்ஸாஸ்ட் குழாய்), ஏர் ஃபில்டர் மாற்றியிருக்கிறேன், கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) ஸ்டாக், அதாவது கம்பெனியோடு வந்தது. எங்கிருந்து ஆரம்பிக்க? பட்ஜெட் பெரிதாக இல்லை, ஆனால் அரைகுறையாகவும் செய்ய விருப்பமில்லை.

#2 டர்போதம்பி
இதுக்கு எதுக்கு ப்ரோ இன்ஜினைப் பிரிக்கணும். தனி இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) போட்டு லிமிட்டரை 8000க்குத் தூக்கி விடுங்கள், அரை மணி நேர வேலை. என் நண்பன் செய்தான், சவுண்ட் சும்மா அள்ளும்.

#3 லேத்மேன்
சவுண்ட் அள்ளும், அப்புறம் ஆயில் சம்ப்பிலிருந்து இரும்புத்தூளையும் அள்ளணும்.

தம்பி எஸ்டீம்03, நான் முப்பது வருடமாக பீளமேடு பக்கம் இன்ஜின் வேலை பார்க்கிறேன், ரேஸ் வண்டியும் பார்த்திருக்கிறேன், டிராக்டரும் பார்த்திருக்கிறேன். லிமிட்டர் என்பது இன்ஜினுக்குப் போட்ட விலங்கு இல்லை. உள்ளே இருக்கிற ஏதோ ஒரு பாகம் இதுக்கு மேல் தாங்காது என்று கணக்குப் போட்டு வைத்த வேலி. அந்தப் பாகம் எது என்று தெரியாமல் வேலியை மட்டும் தள்ளி வைத்தால் என்ன அர்த்தம்? முதலில் ஒரு கேள்வி. டைனோ (பவர் அளக்கிற மெஷின்) போட்டிருக்கிறீர்களா? 6500க்கு மேலே அந்த இன்ஜினில் பவர் இருக்கிறதா?

#4 எஸ்டீம்03
போட்டேன் அண்ணா. உச்ச டார்க் (சுழற்றும் விசை) 4500 பக்கம் 110 நியூட்டன் மீட்டர், 6000ல் சுமார் 101, 6500ல் 92. அதற்கு மேல் கோடு நன்றாகவே கீழே விழுகிறது, லிமிட்டர் வெட்டியதால் மீதி தெரியவில்லை.

#5 நட்டும்போல்டும்
இந்த எண்களை வைத்தே பாதி விடை சொல்லிவிடலாம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பவர் (கிலோவாட்) = டார்க் × ஆர்பிஎம் ÷ 9549. 6000ல் 101 என்றால் 63.5 கிலோவாட், அதாவது அந்த 85 பிஹெச்பி. இதே 85 பிஹெச்பியை 7500ல் வைத்திருக்கக் குறைந்தது 81 நியூட்டன் மீட்டர் வேண்டும். உங்கள் கோட்டை அப்படியே நீட்டினால் 7500ல் 70தான் வரும் போலிருக்கிறது, அப்படியானால் 74 பிஹெச்பி. ஆக இன்ஜின் அலறும், வண்டி போகாது.

ஆனால் உங்கள் கேள்வி பவர் இல்லை, கியரைப் பிடித்து வைத்திருப்பது. அதையும் பார்ப்போம். இரண்டாவது கியர் 1.89, மூன்றாவது 1.28 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7500ல் இரண்டாவதில் இருந்தால் சக்கரத்துக்குப் போகிற இழுவை 70 × 1.89 = 132. அதே வேகத்தில் மூன்றாவதுக்கு மாறினால் ஊசி 5080க்கு இறங்கும், அங்கே டார்க் 107 பக்கம், 107 × 1.28 = 137. மூன்றாவதுதான் நன்றாக இழுக்கிறது. 7200ல் கணக்குப் போட்டால் இரண்டாவதுக்கு 145, மூன்றாவதுக்கு 140. அதாவது இப்போது இருக்கிற சிலிண்டர் ஹெட், கேமோடு 7300க்கு மேல் போவதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. 8000 வேண்டும் என்றால் முதலில் மூச்சு வேண்டும். கேம், போர்ட், இன்டேக் எல்லாம் மாற வேண்டும். மாற்றினால் கீழே 3000ல் இழுவை போகும்.

#6 டர்போதம்பி
அப்போ ஹோண்டா எஸ்2000 எப்படி 9000 போகுது? அதுவும் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தானே. ஸ்ட்ரோக் எஸ்டீமை விடப் பெரிசு.

#7 நட்டும்போல்டும்
நல்ல கேள்வி, கிண்டலாகச் சொல்லவில்லை. எஸ்2000ல் இருக்கிற எஃப்20சி இன்ஜினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) 84 மிமீ. 9000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர் (ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்குங்கள்). எஸ்டீமின் ஸ்ட்ரோக் 75.5 மிமீ. 6500ல் 16.4, 8000ல் 20.1. எண்ணை மட்டும் பார்த்தால் எஸ்டீம் 8000 போவது ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

அங்கேதான் ஏமாறுவோம். ஹோண்டா அந்த இன்ஜினை முதல் வரைபடத்திலிருந்தே 9000க்காக வரைந்தது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற தண்டு), அதற்கேற்ற போல்ட், அதற்கேற்ற ஸ்பிரிங், ஆயில் பாதை எல்லாமே. அதே ஹோண்டா பின்னால் ஸ்ட்ரோக்கை 90.7 மிமீ ஆக்கி 2.2 லிட்டர் செய்தபோது சிவப்புக் கோட்டை 8000 பக்கம் இறக்கிவிட்டது. பிஸ்டன் வேகம் மறுபடி 24 சொச்சத்தில் வந்து நின்றது. ஆக அவர்களுக்கும் வேலி உண்டு. அந்த வேலி எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், நமக்கு நம்முடையது தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

#8 லேத்மேன்
சராசரி வேகத்தை விட என் கண்ணுக்குப் பயமாகத் தெரிவது மேலே போன பிஸ்டன் நின்று திரும்புகிற இடம். ஆர்பிஎம் எவ்வளவு ஏறுகிறதோ, அதன் வர்க்கத்தில் இழுவிசை ஏறும். 6500லிருந்து 8000 என்றால் கேட்பதற்கு 23 சதவீதம்தான், ராட் மேல் விழுகிற இழுப்பு ஒன்றரை மடங்கு. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பாகம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 450 கிராம் என்று வையுங்கள். 6500ல் அது ராடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், 8000ல் ஒன்றரை டன்னைத் தாண்டும். அரைக் கிலோ கத்தரிக்காய் எடைதான். அது ஒன்றரை டன் ஆகி ஒவ்வொரு சுற்றிலும் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது, இரண்டு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாது. முழு ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது கம்ப்ரஷன் முடிகிற இடத்தில் எரிகிற காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும், ராடுக்கு ஒரு தாங்கல் கிடைக்கும். எக்ஸாஸ்ட் முடிகிற உச்சியில் அந்தத் தாங்கல் இல்லை. 8000ல் போய்க்கொண்டே காலை எடுத்துவிட்டால் எந்த உச்சியிலும் தாங்கல் இல்லை. அதனால் ராட் உடைவது பெரும்பாலும் நேர் பாதையின் கடைசியில், டிரைவர் காலை எடுக்கிற அந்த நொடியில்.

ஒரு கதை சொல்கிறேன். பத்து வருடம் முன்னால் ஒரு பையன் வேறொரு கடையில் கட்டிய இன்ஜினைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தான். பிளாக்கில் என் உள்ளங்கை போகிற அளவு ஓட்டை. ராட் வளைந்து கிடந்தது ஆனால் உடையவில்லை, பிஸ்டனும் முதலில் போனது இல்லை. ஒரே ஒரு ராட் போல்ட். முறிந்த முகத்தைத் துடைத்து லென்ஸில் பார்த்தால் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு மாதிரி வரிவரியாக இருந்தது, கடைசியில் ஒரு சின்ன ஓரம் மட்டும் சொரசொரப்பு. அப்படியென்றால் அது ஒரே அடியில் உடையவில்லை, பல ஆயிரம் சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு வந்திருக்கிறது. பழைய போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். விலை மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய்.

#9 எஸ்டீம்03
படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. புது போல்ட் வாங்கி டார்க் ரெஞ்சில் சரியாக இறுக்கினால் போதுமா அண்ணா?

#10 லேத்மேன்
புது போல்ட் கட்டாயம், முடிந்தால் ரேஸிங்குக்கென்றே செய்கிற உயர்ந்த ரகம். ஆனால் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். நீங்கள் போடுகிற பலத்தில் பெரும்பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உரசிக் கரைந்துவிடுகிறது. மரையில் ஆயில் இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்து அதே ரெஞ்ச் அளவில் போல்ட் இழுபடுவது மாறும். நாம் செய்வது, தளர்வாக இருக்கும்போது போல்ட்டின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்வது, இறுக்கிய பிறகு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று டயல் கேஜில் பார்ப்பது. எவ்வளவு நீள வேண்டும் என்று போல்ட் செய்தவனே தாளில் கொடுத்திருப்பான். போல்ட்டை ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது பிடித்து வைத்திருக்கிற விசை, பிஸ்டன் இழுக்கிற விசையை விட அதிகமாக இருக்கிற வரை அந்த இழுப்பு போல்ட்டுக்குப் பெரிதாகத் தெரியவே தெரியாது. குறைந்தால் ஒவ்வொரு சுற்றும் நீண்டு சுருங்க ஆரம்பிக்கும், மேலே சொன்ன அலைக்கோடு அங்கே பிறக்கும்.

போல்ட் மாற்றினால் பிக் எண்ட் (கிராங்கைப் பிடிக்கிற ராடின் பெரிய முனை) துளை வட்டம் மாறும், அதை மறுபடி அளந்து ஹோனிங் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பேரிங் போட்டு, அது பிடித்துக்கொண்டது என்று என்னிடம் வந்தவர்கள் நிறைய.

#11 கிள்ளான்_பி16
மலேசியாவிலிருந்து ஒரு வணக்கம். என் காடியில் (காரில்) ஓடுவது பி16ஏ இன்ஜின். 1989ல் ஹோண்டா விட்ட 1.6 விடெக், 7600ல் 160 குதிரை, அதாவது லிட்டருக்கு நூறு. இங்கே சின்னக் காடியில் இதை மாற்றிப் போடுவது ரொம்ப சாதாரணம் லா.

நான் சொல்ல வருவது வேறு. லிமிட்டர் உங்களை ஒரு பக்கம்தான் காப்பாற்றும். ஆக்சிலரேட்டர் மிதித்து மேலே போனால் வெட்டும், சரி. மேல் ஆர்பிஎம்மில் நாலாவது போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் இரண்டாவதில் தள்ளிவிட்டால்? சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோலை வெட்டி என்ன பயன். நட்டும்போல்டும் கொடுத்த கியர் எண்ணையே போடுங்கள். மூன்றாவதில் 6500, இரண்டாவதில் விழுந்தால் 9600. நான் செப்பாங் டிராக்கில் செய்தேன். ஒரே நொடிதான், சத்தம் மட்டும் வேறு மாதிரி வந்தது. பிட்டில் கம்ப்ரஷன் பார்த்தால் இரண்டு சிலிண்டரில் ஒன்றுமில்லை. வால்வு வளைந்து போயிருந்தது. ஹெட் மட்டும் செய்து மறுபடி ஓட்டியிருப்பேன், மெக்கானிக் விடவில்லை, ராட் போல்ட் எட்டையும் மாற்றச் சொன்னார். இப்போது லேத்மேன் எழுதியதைப் படித்தபிறகு அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அதனால் இன்ஜின் மவுண்ட், கியர் லிங்கேஜ் புஷ் எல்லாம் புதிதாக மாற்றுங்கள். பழைய புஷ்ஷில் லீவர் எங்கே போகிறது என்று கைக்கே தெரியாது.

#12 மௌனவாசகன்
வருடக்கணக்கில் படிக்க மட்டும் செய்கிறவன், ஒரே ஒரு சந்தேகம். வால்வு ஏன் வளைகிறது? கேம்தானே அதைத் திறந்து மூடுகிறது?

#13 நட்டும்போல்டும்
கேம் திறக்கத்தான் செய்யும். மூடுவது ஸ்பிரிங். 8000ல் கேம் நிமிடத்துக்கு 4000 சுற்று, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 66 தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை என்றால் வால்வு கேமின் வடிவத்தை விட்டு மிதக்க ஆரம்பிக்கும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு இன்னும் வீட்டுக்குத் திரும்பியிருக்காது. வால்வு மிதப்பது என்று சொல்வது இதைத்தான். முதலில் பவர் திடீரென்று தட்டையாகும், பிறகு மூடும்போது சீட்டில் துள்ளும், பிறகு பிஸ்டனைச் சந்திக்கும்.

உடனே கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கடினம் கூடினால் கேம் முனை, ராக்கர் முகம் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது, 1 மிமீக்கு மேலாவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். ரிடெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கிற தட்டு) கீழே வந்து வால்வு சீலில் முட்டவும் கூடாது. ரிடெய்னரின் எடையைக் குறைத்தால் ஸ்பிரிங்குக்கு வேலை குறையும், அது நல்ல வழி.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் எவ்வளவு இடம் என்று பார்க்க இன்றும் சிறந்த கருவி பிள்ளைகள் விளையாடுகிற களிமண்தான். பிஸ்டன் தலையில் வால்வு வருகிற இடத்தில் ஒட்டி, வால்வில் கொஞ்சம் ஆயில் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு வைத்து இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இடையில் பிடித்தால் பலம் போடக் கூடாது. திறந்து பிளேடால் களிமண்ணை வெட்டி மெல்லிய இடத்தை அளந்தால் விடை. பழைய கேஸ்கெட் ஏற்கெனவே அமுங்கியது, அதனால் உண்மை நிலைக்குப் பக்கத்தில் வரும். பொதுவாக இன்டேக்குக்கு 2 மிமீ, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மிமீ வேண்டும் என்பார்கள். எக்ஸாஸ்ட் அதிகம் கேட்பது ஏனென்றால் அது சூட்டில் நீளும், அதோடு மேலே வருகிற பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது.

#14 டர்போதம்பி
சரி சரி, லிமிட்டர் ஐடியாவை வாபஸ் வாங்குகிறேன். ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து எடை குறைத்தால் சீக்கிரம் ஏறுமே, அதாவது பரவாயில்லையா?

#15 லேத்மேன்
தம்பி, நீங்கள் நல்லவர்தான், உங்கள் யோசனைகள்தான் ஆளைக் கொல்லப் பார்க்கின்றன.

கம்பெனி ஃப்ளைவீல் காஸ்ட் அயர்ன். 250 மிமீ விட்டம் என்று வையுங்கள், 8000ல் அதன் விளிம்பு மணிக்கு 377 கிமீ வேகத்தில் சுற்றும். காஸ்ட் அயர்ன் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதைக் கடைந்து, தப்பான இடத்தில் மெலிதாக்கி, கிளட்ச் சூட்டில் ஏற்கெனவே நீல நிறமாகி மயிரிழை விரிசல் விட்ட வீலை 8000ல் சுற்றினால் அது குண்டு. குறுக்கே வைத்த இன்ஜினில் ஃப்ளைவீல் சுற்றுகிற தளம் நேராகக் கேபினைப் பார்த்து நிற்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. எடை குறைய வேண்டும் என்றால் ஸ்டீல் பில்லட்டில் செய்தது வாங்குங்கள், கிளட்ச் கவரோடு சேர்த்து பேலன்ஸ் செய்யுங்கள். இல்லையென்றால் இருப்பதை அப்படியே விடுங்கள்.

#16 கிள்ளான்_பி16
ஆயில் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் பக்கம் ராட் உடைந்து செத்த இன்ஜினை விட ஆயில் கிடைக்காமல் செத்த இன்ஜின்தான் அதிகம்.

#17 லேத்மேன்
வருகிறேன், அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ ஆயில் பிரஷர் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. எல்லா இன்ஜினுக்கும் அது வேண்டியதில்லை, ஆனால் பேரிங் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி விட்டால் ஸ்டாக் பம்ப்புக்கு மூச்சு வாங்கும் என்பது நிஜம். ஜர்னல் (பேரிங்கில் சுற்றுகிற கிராங்கின் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி, அதாவது 45 மிமீக்கு 0.045, அதைச் சுற்றி நிற்பது நல்லது. ‘ரேஸ் இன்ஜின், லூசா இருக்கட்டும்’ என்று சொல்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கரி டிராக்கில் ஓட்டுகிறீர்கள், அப்படியானால் வளைவில் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கும், பிக்கப் (ஆயிலை உறிஞ்சுகிற குழாய்) காற்றை உறிஞ்சும். கண்ணுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வைத்துப் பாருங்கள். நீள வளைவின் நடுவில் ஊசி லேசாக நடுங்கினால் அதுதான் அறிகுறி, விளக்கு எரிகிற வரை காத்திருந்தால் பேரிங் ஏற்கெனவே போயிருக்கும். சம்ப்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடு வெல்ட் செய்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றி சமாளிக்கப் பார்க்காதீர்கள், கிராங்க் அதில் அடித்து நுரை கிளப்பிவிடும், நுரையைப் பம்ப் செய்து பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

#18 எஸ்டீம்03
ஏழு வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். இன்ஜினைப் பிரித்தோம்.

கேஜ் வைத்து ஓட்டிப் பார்த்தபோது நீள வலது வளைவில் ஊசி நடுங்கியது, லேத்மேன் அண்ணா சொன்னது அச்சு அசல். பிரித்துப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது ராட் பேரிங்கில் சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது 8000 பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்தபோது 6500லேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறது. பிஸ்டன்களை எடை போட்டோம், லேசானதுக்கும் கனமானதுக்கும் 4 கிராம் வித்தியாசம், ஒரு கிராமுக்குள் கொண்டுவந்தாயிற்று. ராடுகளையும் பெரிய முனை, சின்ன முனை தனித்தனியாக எடை போட்டுச் சரிசெய்தோம். புது போல்ட், நீளம் அளந்து இறுக்கியது, பிக் எண்ட் ஹோனிங். சம்ப்பில் தடுப்பு. புது வால்வு ஸ்பிரிங், ஆனால் கேம் ஸ்டாக். களிமண்ணில் இன்டேக் 2.6, எக்ஸாஸ்ட் 3.1 வந்தது.

லிமிட்டரை 7200ல் வைத்திருக்கிறேன். #5ல் இருக்கிற கணக்கைத் தாளில் எழுதி ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த வளைவிலிருந்து இப்போது இரண்டாவதிலேயே பிரேக்கிங் இடம் வரை போய்விடுகிறேன், எனக்கு வேண்டியது அதுதான்.

#19 நட்டும்போல்டும்
அருமை. 7200ல் பிஸ்டன் வேகம் 18.1, ராட் மேல் இழுப்பு 6500ஐ விட 23 சதவீதம் அதிகம், ஒன்றரை மடங்கு இல்லை. முதல் ஆயிலை எத்தனை லேப்பில் மாற்றினீர்கள்? ஃபில்டரை வெட்டிப் பார்த்தீர்களா?

#20 மௌனவாசகன்
தம்பிக்கு வாழ்த்து. ஒன்று மட்டும், இதே வண்டியை ரோட்டில் ஓட்டினால் சட்டப்படி சரியா? என்னிடமும் ஒரு எஸ்டீம் தூங்குகிறது.

#21 நட்டும்போல்டும்
மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படியுங்கள், கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைக் காரணம் காட்டுவார்கள். டிராக்குக்கு டிரெய்லர்தான் நிம்மதி.

#22 எஸ்டீம்03
ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன் சார். மடிப்பைப் பிரித்து வெயிலில் விரித்தால் அசெம்பிளி கிரீஸ் மட்டும், மின்னுவது ஒன்றுமில்லை. காந்தத்தையும் ஓட்டிப் பார்த்தேன். சம்ப்பின் மூலையில் மட்டும் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது, பயந்துபோய் லேத்மேன் அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். களிமண்ணாம்.

#23 லேத்மேன்
என் பேரனுடையது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், தினமும் கேட்கிறான்.